மேட்ச் ஆகாத கோடு

கோழிக்கடைக்கு வந்து கறி வேண்டாம், குடல் மட்டும் போதும் என்று கேட்கிற ஆளை முனீஸ் அதுவரைக்கும் பார்த்ததே இல்லை. சாத்தூர்ப் பக்கம் பிறந்தவன், வீரபாண்டிக்கு வந்து பிராய்லர் கடை போட்டு நாளாகிவிட்டது. குடல் என்றால் அவனுக்கு நாய்க்குப் போகிற சாமான். அதை ஒரு பொம்பளை, கஞ்சி போட்ட சேலையும் நெற்றியில் திருநீறுமாக, கையில் ஃப்ளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு விடிந்தும் விடியாமலும் வந்து கேட்டால் அவன் என்னதான் நினைப்பான், சொல்லுங்கள்.

"நாய்க்காக்கா?"

"இல்லீங் தம்பி, படிப்புக்கு."

"குடல்ல என்னக்கா படிப்பு?"

"அறுத்ததும் வேணுங்க. சூடு ஆறறதுக்குள்ள இந்தத் தண்ணியில போட்டுரோணும்."

அதற்கு மேல் வாயைக் கொடுத்தால் நமக்குத்தான் வம்பு என்று முனீஸ் பேசாமல் அறுத்துக் கொடுத்தான். காசு நீட்டினால் வாங்க மாட்டேன் என்றுவிட்டான். குடலுக்குக் காசு வாங்கினான் என்று தெரிந்தால் ஊரில் தலைகாட்ட முடியாதாம்.

அந்தப் பொம்பளைதான் மதுமதி. முப்பத்தஞ்சு வயசு. தறிக்காரக் குடும்பம். அப்பா ஆறுமுகசாமி தறியை விட்டுவிட்டுப் பனியன் துணி வியாபாரத்தில் இறங்கியவர். வீட்டில் அத்தனை பேரும் எழுந்தால் துணி, படுத்தால் துணி என்று கிடந்தபோது இவள் ஒருத்தி மட்டும் அடம்பிடித்து பி.ஃபார்ம் படிக்கப் போனாள். அங்கே ஒரு நாள் ரிசெப்டர் பாடம் நடந்தது. உடம்பில் இருக்கிற செல்களின் மேல் சின்னச் சின்ன இருக்கைகள் இருக்கின்றன, அதற்குத்தான் ரிசெப்டர் என்று பேர், மருந்து என்பது அந்த இருக்கையில் வந்து உட்காருகிற ஒரு பொருள், அவ்வளவுதான் என்றார்கள். சளிக்குப் போடுகிற மாத்திரைக்கு மூக்கு எங்கே இருக்கிறது என்று தெரியாது. அது பாட்டுக்கு உடம்பெல்லாம் சுற்றி வரும், தனக்கான இருக்கை கிடைத்த இடத்தில் உட்காரும். புதுசாக ஒரு பொருளைச் செய்து, இது எங்கே உட்காருகிறது, உட்கார்ந்து என்ன பண்ணுகிறது என்று பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், புது மருந்து அப்படித்தான் பிறக்கிறது என்று கேட்டதும் மதுமதிக்கு உள்ளே ஏதோ ஆகிவிட்டது. செத்தாலும் அந்த வேலையைப் பார்த்துவிட்டுத்தான் சாவது என்று நினைத்துக்கொண்டாள். அந்த வயசில் எல்லாவற்றையும் அப்படித்தானே நினைப்போம்.

படிப்பு முடிந்ததும் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை ராஜவேல், சொந்தமாகப் பத்து மெஷின் போட்டு பனியன் தைத்துக் கொடுக்கிறவர். தங்கமான மனுஷன். ஆனால் தங்கமான மனுஷனுக்கும் ரிசெப்டருக்கும் என்ன சம்பந்தம்? பொழைப்பு என்று ஒன்று இருக்கிறதே. வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு சாயப்பட்டறையின் லேபில் ஆள் தேவை என்றார்கள். கெமிக்கல் தெரிந்த பெண் என்று மதுமதியை எடுத்துக்கொண்டார்கள். அங்கே ஒன்பது வருஷம் ஓடியது.

சாயப்பட்டறை லேபில் என்ன வேலை என்று சொல்லியாக வேண்டும். இந்தக் கதை முழுக்க அதில்தான் தொங்குகிறது. வெளிநாட்டு பையர், அதாவது பனியன் வாங்குகிறவன், ஒரு துண்டுத் துணி அனுப்புவான், இந்தக் கலர்தான் வேண்டும் என்று. லேபில் சின்னதாகத் துணி வெட்டி, சாயம், உப்பு, சோடா கணக்குப் பார்த்துப் போட்டு, வேக வைத்து எடுத்து, விளக்குப் பெட்டிக்குள் பையர் துண்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒத்துப்போனால் மேட்ச். ஒத்துப்போகவில்லை என்றால் சாயத்தைக் கூட்டு, உப்பைக் குறை, நேரத்தை மாற்று, மறுபடி போடு. மேட்ச் ஆகிற வரைக்கும் விடக் கூடாது. மேட்ச் ஆனதை மட்டும் பையருக்கு அனுப்புவார்கள். ஆகாததெல்லாம் குப்பைக்கூடைக்கு. ஏன் ஆகவில்லை என்று அங்கே ஒருத்தரும் உட்கார்ந்து யோசிக்க மாட்டார்கள். யோசித்தால் ஷிப்மெண்ட் யார் போடுவது?

மதுமதி அதில் கெட்டிக்காரி. அவள் கை பட்டால் எந்தக் கலரும் மூன்றாம் தடவையில் வந்து நிற்கும் என்று மேனேஜரே சொல்லுவார். அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் பிற்பாடு அவள் காலை வாரிவிட்டது.

மகள் யாழினி பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ராஜவேல் தானாகவே பேச்சை எடுத்தார்.

"மதி, அந்த மேல்படிப்புக்குப் போறதுன்னா போ. லேபுல இருந்து வர்றப்ப உன்ற மூஞ்சி எப்படி இருக்குதுன்னு நான் பாத்துக்கிட்டுத்தான இருக்கறன்."

"இந்த வயசுலீங்களா?"

"வயசென்ன வயசு. சோறு வடிக்க எனக்குத் தெரியாதா, அம்மாவுக்குத் தெரியாதா? போச்சாது, போ."

மாமியார் சுப்பாத்தாளும் மறுக்கவில்லை. படிப்புக்குக் கோழிக்குடல் வேண்டியிருக்கும் என்று கேள்விப்பட்டு ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். "கிருத்திகை அன்னிக்கு அந்தக் கோழிக்கொடலத் தூக்கிட்டு ஊட்டுக்குள்ள வந்தராத கண்ணு. முருகன் பொறுத்துக்குவான், நான் பொறுக்க மாட்டேன்" என்றாள். கிருத்திகை நாட்களில் ஃப்ளாஸ்க் வாசலோடு நேராகக் கல்லூரிக்குப் போய்விடும்.

கல்லூரி அவிநாசி ரோட்டில் இருந்தது. பார்மகாலஜியில் எம்.ஃபார்ம். வகுப்பில் இருந்ததெல்லாம் சின்னப் பிள்ளைகள், எல்லோரும் இவளை அக்கா என்று கூப்பிட்டார்கள். கைடு மகுடேஸ்வரன் சார் மூன்று பேர் வேலையை ஒற்றை ஆளாகச் சுமக்கிறவர், எந்நேரமும் எங்கேயோ ஓடிக்கொண்டிருப்பார். ஆனால் பாடம் எடுத்தால் மறக்காது.

"டவுன் பஸ்ஸுல சீட்டுக்குத் துண்டு போடறமில்லீங்களா, அதுதான் தடுப்பு மருந்து, ரிசெப்டரை அடைச்சு வெக்கற மருந்து" என்பார். "சீட்டுல துண்டு கெடந்தா வர்றவன் உக்கார முடியாது. ஆனா கூட்டம் ஏற ஏற எவனாச்சும் துண்டை எடுத்து அக்கட்ட வீசிட்டு உக்காந்துக்குவான். கூட்டம் அதிகமானா துண்டு தோத்துப் போகும். சாதாரணத் தடுப்பு மருந்து அப்படித்தான்."

கோழிக்குடல் பரிசோதனையும் இதேதான். குடலில் ஒரு சின்னத் துண்டை உடம்புச் சூட்டில் இருக்கிற உப்புத் தண்ணீரில் தொங்கவிட்டு, அசிட்டைல்கோலின் என்கிற பொருளை விட்டால் குடல் சுருங்கும். அதுதான் இருக்கையில் உட்கார வருகிற கூட்டம். கூட விட்டால் கூடச் சுருங்கும். ஒரு அளவுக்கு மேல் எவ்வளவு விட்டாலும் அதற்கு மேல் சுருங்காது, கூரை தட்டிவிடும். இதைக் கம்ப்யூட்டர் ஒரு கோடாக வரையும். கீழே தொடங்கி, ஏறி, கூரையில் போய் மட்டமாக நிற்கிற கோடு. தடுப்பு மருந்தை முன்னாடியே போட்டு ஊறவைத்துவிட்டு மறுபடி பார்த்தால் அந்தக் கோடு அப்படியே வலது பக்கம் நகர்ந்து நிற்கும். கூட்டம் அதிகமாகத் தேவைப்படுகிறது என்று அர்த்தம். ஆனால் கூரை அதே உயரத்தில் இருக்கும். புத்தகத்தில் இரண்டு கோடுகளும் தண்டவாளம் மாதிரி பக்கத்தில் பக்கத்தில் போகும். மதுமதி அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருப்பாள். பையர் அனுப்பிய துண்டு மாதிரியே அவள் மனசில் அது பதிந்துவிட்டது.

கோயம்புத்தூரில் ஒரு சின்னக் கம்பெனி, மூச்சிழுப்புக்குப் புது மருந்து தேடுகிற கம்பெனி. மூச்சுக்குழாய் சுருங்குவதும் குடல் சுருங்குவதும் ஒரே மாதிரி இருக்கைகளால்தான். தாங்கள் செய்து வைத்திருந்த சில பொருட்களைக் கல்லூரிக்குக் கொடுத்து, மாணவர்களை வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள் என்றிருந்தது. நன்றாகச் செய்கிற ஒருத்தரை வேலைக்கும் எடுத்துக்கொள்வோம் என்றும் சொல்லியிருந்தது. ஒரே ஒரு வேலை. அந்த வார்த்தை காதில் விழுந்த நாளிலிருந்து மதுமதிக்குச் சோறு இறங்கவில்லை. வகுப்புப் பிள்ளைகளுக்கு இது போனால் வேறொன்று கிடைக்கும், பெங்களூரோ ஹைதராபாத்தோ போய்க்கொள்வார்கள். குடும்பத்தை விட்டு அவளால் எங்கே போக முடியும்? பஸ் ஏறிப் போய்ப் பொழுதோடு திரும்புகிற தூரத்தில் இந்த ஒரு கதவுதான். இது சாத்திக்கொண்டால் மறுபடியும் சாயப்பட்டறைதான்.

அவளுக்கு வந்தது பதினேழாம் நம்பர் பொருள். கீர்த்தனா என்ற சின்னப்பெண்ணுக்கு இருபத்திரண்டாம் நம்பர்.

மதுமதி முறைப்படிதான் தொடங்கினாள். பதினேழைப் போட்டு இருபது நிமிஷம் ஊறவைத்தாள், அசிட்டைல்கோலினை விட்டாள். கோடு வலது பக்கம் நகர்ந்தது. ஆனால் கூரை இறங்கிவிட்டது. எவ்வளவு விட்டாலும் குடல் பழைய உயரத்துக்குச் சுருங்கவே மாட்டேன் என்றது.

குடல் களைத்துப்போய்விட்டது என்று நினைத்தாள். நல்ல குடல் இல்லை, முனீஸ் நேரம் கழித்து அறுத்திருப்பான் என்று நினைத்தாள். அடுத்த நாள் வேறு குடல். மறுபடி கூரை இறங்கியது. அதற்கடுத்த நாளும் அதேதான். புத்தகப் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். மேட்ச் ஆகவில்லை. பக்கத்து மேஜையில் கீர்த்தனாவின் கோடுகள் இன்னும் மோசம். ஒன்று ஏறும், ஒன்று இறங்கும், ஒன்று குடித்தவன் நடை போல் போகும். அந்தப் பெண் அதைப் பற்றிக் கவலையே படாமல் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தது.

மதுமதியால் அப்படி இருக்க முடியுமா? ஒன்பது வருஷப் பழக்கம் கையில் ஊறிக் கிடக்கிறதே. கலர் வரவில்லை என்றால் நேரத்தை மாற்று. இருபது நிமிஷத்தைப் பதினைந்தாக்கினாள். கூரை கொஞ்சம் ஏறியது. பத்தாக்கினாள். இன்னும் கொஞ்சம். ஐந்தாக்கியபோது வந்தது பாருங்கள், தண்டவாளம். புத்தகத்திலிருந்து வெட்டி எடுத்த மாதிரி இரண்டு கோடுகள். மதுமதி அன்றைக்குப் பூரித்துப் போனாள். பழைய கோடுகளையெல்லாம் கம்ப்யூட்டரிலிருந்து அழித்தாள். ரிஜெக்ட் ஆன துணியை யாராவது பத்திரப்படுத்துவார்களா என்ன?

ரிப்போர்ட்டில் அவள் எதையும் மறைக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஐந்து நிமிஷம் ஊறவைத்தேன் என்று அப்படியேதான் எழுதியிருந்தாள். மகுடேஸ்வரன் சார் ஓட்டத்தோடு ஓட்டமாகப் படத்தைப் பார்த்தார், "அருமைங்க மதுமதி" என்று கையெழுத்துப் போட்டார். கம்பெனியிலும் படத்தைத்தான் பார்த்தார்கள். அழகாக இருக்கிற படத்துக்குக் கீழே இருக்கிற பொடி எழுத்தை யார் படிக்கிறார்கள்?

ஒரு மாசம் கழித்துக் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. இரண்டு பேரை வரச் சொல்லியிருந்தார்கள், மதுமதியையும் கீர்த்தனாவையும். சுப்பாத்தாள் சாமிப் படத்துக்கு முன்னால் நிறுத்தித் திருநீறு பூசிவிட்டாள். "போயிட்டு வா சாமி, உனக்குத்தான்" என்றாள்.

கம்பெனி என்றதும் பெரிய கண்ணாடிக் கட்டடமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். வாடகைக்கு எடுத்த மாடி வீடு மாதிரிதான் இருந்தது. ஆனால் உள்ளே லேபைப் பார்த்ததும் மதுமதி அங்கேயே நின்றுவிட்டாள். வரிசையாகக் கண்ணாடிக் குழாய்கள், சூடு மாறாத தண்ணீர்த் தொட்டிகள், எல்லாம் சுத்தமாக, எல்லாம் ஒரே வேலைக்காக. முதலில் கீர்த்தனாவைக் கூப்பிட்டுப் பேசி அனுப்பிவிட்டார்கள். அப்புறம் இவள்.

பேசியவர் பேர் ரோஸ்மேரி. தூத்துக்குடிக்காரர், ஐம்பது வயசிருக்கும், அந்தக் கம்பெனியில் பரிசோதனைகளுக்கெல்லாம் தலைவி. சிரிக்காத முகம், ஆனால் குரல் கனிவாக இருந்தது.

"உங்க கிராஃப் மாதிரி சுத்தமா ஒரு ஸ்டூடன்ட் போட்டு நான் பார்த்ததில்ல. ஒளிக்காம சொல்லுதேன், இந்த இடம் உங்களுக்குத்தான்னு நினைச்சுத்தான் வரச் சொன்னேன்" என்றார்.

மதுமதிக்குக் கால் தரையில் பாவவில்லை. என்ன பேசுவது என்று தெரியாமல், "அந்தப் பதினேழு நல்ல மருந்துங்களா?" என்று கேட்டாள்.

"அதை மூடியாச்சு. உங்க கிராஃபைப் பார்த்துத்தான் மூடினோம். உங்க சார் சொல்லுத மாதிரி, கூட்டம் வந்தா எடுத்து வீசிடுற துண்டுதான் அதுவும். அந்த மாதிரி மருந்து மார்க்கெட்டுல ஏற்கெனவே கிடக்கு. எங்களுக்கு வேண்டியது, உட்கார்ந்தா எழுந்திருக்காத மருந்து. ஒரு நாளைக்கு ஒரு தடவை இழுத்தாப் போதும்னு இருக்கணும்."

அய்யோ பாவம் என்று இருந்தது மதுமதிக்கு. இத்தனை நாள் பழகிய பொருளாயிற்றே. அந்த வருத்தத்தில், கூடவே தன் கெட்டிக்காரத்தனத்தையும் கொஞ்சம் சொல்லிக்கொள்ளலாமே என்கிற ஆசையில், வாயைத் திறந்தாள்.

"அது ரொம்பப் படுத்துச்சுங்க மேடம். இருபது நிமிஷம் ஊற வெச்சா கூரை இறங்கிக்கும். மேட்சே ஆகாது. அப்பறம் நேரத்தைக் கொறைச்சுக் கொறைச்சு அஞ்சு நிமிஷத்துல கொண்டாந்து நிறுத்தினனுங்க."

ரோஸ்மேரி மேஜை மேல் இருந்த ரிப்போர்ட்டை எடுத்தார், படத்துக்குக் கீழே இருந்த பொடி எழுத்தைப் படித்தார். மறுபடியும் படித்தார். அவர் காது மடல் சிவந்தது.

"மருந்து போடாத குடலை இருபது நிமிஷம் சும்மா வெச்சுப் பார்த்தீங்களா? அதுவும் களைச்சுப்போகுதான்னு?"

"இல்லீங்க."

"இருபது நிமிஷத்துக் கிராஃப் எல்லாம் எங்க?"

"அழிச்சுட்டனுங்க. ரிஜெக்ட்டுங்களே."

அப்போதுதான் மதுமதிக்கு ஏதோ தப்பாகிவிட்டது என்று உறைத்தது. என்ன தப்பு என்று அவளே யோசித்துப் பார்த்தாள், யோசிக்க யோசிக்க அது தானாக வந்து முன்னால் நின்றது. கூட்டம் எவ்வளவு வந்தாலும் எழுந்திருக்காத ஆள் சீட்டில் இருந்தால் கூரை இறங்கத்தானே செய்யும். அந்த இருக்கைகள்தான் போய்விட்டனவே. பதினேழு மெதுவாக வந்து உட்காருகிற ஆள், உட்கார்ந்தால் எழுந்திருக்காத ஆள். ஐந்து நிமிஷத்தில் அவன் சரியாக உட்காரக்கூட இல்லை. அதற்குள் பரிசோதனையை முடித்து, இவன் சாதாரண ஆள் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். குடல் தினமும் அவளிடம் சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. அவள்தான் வாயைப் பொத்தியிருக்கிறாள்.

ரோஸ்மேரி நிமிர்ந்து பார்த்தார். "அஞ்சு நிமிஷம் வைக்கச் சொல்லி உங்க சார் சொன்னாரா?" என்று கேட்டார்.

அது ஒரு வாசல். கேட்டவருக்கும் தெரியும், கேட்கப்பட்டவளுக்கும் தெரியும். ஆமாங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மகுடேஸ்வரன் சார் கையெழுத்து அதில் இருக்கிறது, யாரும் போய் விசாரிக்கப் போவதில்லை. ஒரு மாணவி கைடு சொன்னதைச் செய்தாள், அவ்வளவுதான். வேலை கைக்கு வந்துவிடும். மதுமதிக்கு வாய் வரைக்கும் வந்தது. உண்மையாகவே வந்தது, அதை மறைத்துப் பிரயோஜனம் இல்லை. மூன்று பேர் வேலையை ஒற்றை ஆளாகச் சுமந்துகொண்டு ஓடுகிற அந்த மனுஷன் முகம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

"இல்லீங்க. சாருக்குத் தெரியாதுங்க. நானாத்தான் பண்ணினது."

ரோஸ்மேரி எழுந்தார். "பக்கத்துத் தெருவுல கோழிக்கடை இருக்கு. குடல் வாங்கிட்டு வரச் சொல்லுதேன். இப்பவே போடுங்க. ரெண்டு குழாய். ஒண்ணுல மருந்து, ஒண்ணுல வெறும் தண்ணி. ரெண்டும் இருபது நிமிஷம்."

மதுமதி குடலைக் கட்டினாள். இரண்டு முறை நூல் நழுவியது, மூன்றாம் முறை நின்றது. ஒரு குழாயில் பதினேழை விட்டுவிட்டு இருபது நிமிஷம் காத்திருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே யாரோ தண்ணீர் லாரிக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அசிட்டைல்கோலின் விட ஆரம்பித்தாள். மருந்து போடாத குடல் அழகாக ஏறியது, கூரையைத் தொட்டது, நின்றது. களைப்பும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மருந்து போட்ட குடல் தடுமாறித் தடுமாறி ஏறியது, பாதியைத் தாண்டிக் கொஞ்சம் போய் அங்கேயே நின்றுவிட்டது. இன்னும் விட்டாள். நகரவில்லை. அவள் கை தன்னையறியாமல் நிறுத்துகிற பட்டனுக்குப் போனது. சாயப்பட்டறை லேபில் கலர் கெட்டுப்போனால் மெஷினை நிறுத்துகிற அதே வேகம். ரோஸ்மேரி பார்த்துக்கொண்டிருந்தார், தடுக்கவில்லை. மதுமதி கையைப் பின்னால் இழுத்துச் சேலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். கோடு கோணலாகவே கடைசி வரைக்கும் போனது.

பிறகு மருந்தைக் கழுவினார்கள். பழைய தண்ணீரை வடித்து, புதுத் தண்ணீர் விட்டு, அசிட்டைல்கோலின் கொடுத்துப் பார்த்தார்கள். சாதாரண மருந்தாக இருந்தால் இரண்டு மூன்று கழுவலில் போய்விடும், குடல் பழையபடி சுருங்கும். இது மசியவில்லை. மத்தியானம் கழுவினார்கள், மூன்று மணிக்குக் கழுவினார்கள், டீ குடித்துவிட்டு வந்து கழுவினார்கள். பக்கத்துக் குழாயில் வெறும் குடல் ஒவ்வொரு தடவையும் முழு உயரத்துக்கு ஏறிக் காட்டியது. பதினேழு உட்கார்ந்த குடல் பாதியிலேயே நின்றது.

ரோஸ்மேரி நாற்காலியை இழுத்துப் போட்டு மதுமதிக்கு எதிரே உட்கார்ந்தார். கோபமாக இல்லை. களைத்துப்போன முகமாக இருந்தது.

"நான் அந்தப் பொடி எழுத்தைப் படிச்சிருக்கணும். அது என் தப்பு, அதுக்கு நான் பதில் சொல்லிக்கிடுதேன். பதினேழை நாளைக்குத் திரும்பத் திறக்கப்போறோம். நாங்க தேடிட்டு இருந்தது இதுவாக்கூட இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இன்னும் எத்தனையோ தாண்டணும். ஆனா வேலை விஷயம்..." அந்தக் கோணல் கோட்டைத் திரும்பிப் பார்த்தார். "காலையில நீங்க உள்ள வரும்போது இந்த இடம் உங்களுக்குத்தான் இருந்துச்சு. இப்ப தர முடியாதும்மா. அந்தப் பொண்ணு கீர்த்தனா கோடு எல்லாம் பார்க்கச் சகிக்கல. ஆனா ஒண்ணைக்கூட அழிக்கல, எல்லாத்தையும் வெச்சிருக்கா. இங்க எனக்கு அதுதான் வேணும். சாரைக் காட்டிக்கொடுக்காம உண்மையைச் சொன்னீங்க, அது எனக்குத் தெரியாம இல்ல. ஆனாலும்."

"புரியுதுங்க" என்றாள் மதுமதி.

புரிந்தது என்னவோ நிஜம். அதற்காக வலிக்காமல் இருக்குமா? கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, அவள் அதைத் தடுக்கவும் இல்லை, மூஞ்சியைத் திருப்பவும் இல்லை. பத்துப் பதினஞ்சு வருஷமாக ஆசைப்பட்ட கதவு, திறந்து உள்ளே கால் வைத்த அன்றைக்கே சாத்திக்கொண்டது. அதைச் சாத்தியதும் அவள் கைதான். யாரைப் போய்க் குறை சொல்ல? ரோஸ்மேரி ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, பக்கத்து அறைக்குப் போய்விட்டார். பெரிய மனுஷி, அந்த நேரத்தில் ஆறுதல் சொல்கிறேன் என்று நிற்கவில்லை.

மதுமதி தண்ணீரைக் குடித்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு பையை எடுத்தாள். வாசல் வரைக்கும் போனாள். அங்கே நின்று திரும்பிப் பார்த்தாள். குழாய்க்குள் அந்தக் குடல் துண்டு அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. பதினேழாம் நம்பர் இன்னும் அதில் உட்கார்ந்துகொண்டிருக்கிறது. எத்தனை நேரம் உட்காரும் என்று இந்த உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. பார்த்தால்தான் தெரியும்.

பக்கத்து அறைக் கதவைத் தட்டினாள்.

"மேடம், கொடலு இன்னும் உசுரோடதானுங்க இருக்குது. நான் இருந்து கழுவிப் பாக்கட்டுங்களா? வேலைக்கில்லீங்க. சும்மாத்தான்."

ரோஸ்மேரி கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். "குடலுக்குப் போற சிலிண்டர்ல ஆக்சிஜன் குறைவா இருக்கு, மாத்திக்கிடுங்க" என்றார்.

வெயில் தாழ்கிற நேரத்தில் ராஜவேல் போன் பண்ணினார். பின்னால் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

"மதி, என்னாச்சு? கெடைச்சுதா?"

"இல்லீங்க."

ராஜவேல் நகர்ந்து வெளியே வந்திருக்க வேண்டும், சத்தம் குறைந்தது.

"போச்சாது உடு. அழுதயா?"

"ஆமாங்க."

"காலையில போனது. எல்லாம் முடிஞ்சுதில்ல? அப்பறம் ஏன் இன்னும் அங்கயே இருக்கற? ஊட்டுக்கு வா."

"மருந்து இன்னும் கொடலை உடலீங்க. எப்ப உடுதுன்னு பாத்துட்டு வர்றனுங்க" என்று சொல்லிவிட்டு, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, பழைய தண்ணீரை வடித்தாள்.